கறியொடு பெயர்ந்தவர்கள்

கேள்வி இது: ஜப்பானிலிருந்து வந்த நண்பர் ஒரு கறிப் பாக்கெட் கொடுத்தார். செய்து பார்த்தால் தித்திக்கிறது, கூழ் மாதிரி கொழகொழவென்று இருக்கிறது. ஜப்பான்காரர்கள் இதைத் தங்கள் வீட்டுச் சாப்பாடு என்கிறார்களாம். இது நம்ம கறியா, பெயர் மட்டும்தானா? உணவு உலகத்தை இணைக்கிறது என்று சொல்வதெல்லாம் நிஜமா, ஓட்டல்காரர்களின் விளம்பரமா?

நான் தூத்துக்குடிக்காரன். இருபத்தேழு வருஷம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரனாக இருந்தேன். நீங்கள் சொல்லும் அந்தக் கூழை யோகோஹாமாவிலும் சாப்பிட்டிருக்கிறேன், கப்பலிலும் கிண்டியிருக்கிறேன். கொஞ்சம் படித்தும் வைத்திருக்கிறேன். அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

முதலில் "நம்ம கறி" எது என்பதையே முடிவு செய்ய முடியாது. மதுரைப் பக்கம் "கறி எடுத்துட்டு வா" என்றால் ஆட்டிறைச்சி. ஐயர் வீட்டில் வாழைக்காய்க் கறி என்றால் சாறே இல்லாத வதக்கல். யாழ்ப்பாணத்தில் கத்தரிக்காயும் கறி, மீனும் கறி, சைவச் சாப்பாடு என்றால் மரக்கறி. ஆனால் வெளிநாட்டில் எதைக் 'கறி' என்கிறார்களோ அதை நம்மூரில் குழம்பு என்போம். பெயரைக் கொடுத்தவர்கள் நாம், அந்தப் பொருளுக்கு அந்தப் பெயரை வைக்காதவர்களும் நாமே.

சங்க காலத்துக்குப் போனால் கதை இன்னும் மாறும். அப்போது கறி என்றால் மிளகு. அகநானூறு 149-ஆம் பாட்டில் முசிறிக்கு வரும் யவனர் கப்பல்கள் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று வருகிறது. பொன்னை இறக்கிவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு போயின. இது புலவர் கற்பனை இல்லை. எகிப்தில் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, இந்தியாவில் செய்த மண்சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அங்கிருந்த ஒரு கோயிலின் மண்ணுக்குள் ஈராயிரம் வருஷமாகக் கிடந்த மிளகு.

மிளகாய் அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது. அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், இங்கே இறங்கியது. புதுச் சரக்குக்குப் பெயர் வேண்டுமே. உறைப்பு என்றால் நம் ஆட்களுக்குத் தெரிந்தது மிளகு, அந்த உறைப்போடு வந்த காய் மிளகு காய். அந்தப் பெயரிலேயே அது வந்தேறி என்று எழுதியிருக்கிறது. நானூறு ஐந்நூறு வருஷத்துக்குள் மிளகாய் இல்லாத குழம்பை நினைத்துப் பார்க்கவே முடியாதபடி ஆகிவிட்டது. ஆக, ஜப்பான்காரரின் கறியில் மாற்றம் இருக்கிறது என்று நாம் குறை சொன்னால், நம் குழம்பைப் பார்த்து ஒரு சங்க காலத்து ஆள் அதையே சொல்வார்.

சரி, சொல் எப்படிக் கப்பலேறியது? போர்த்துக்கீசியர் 'கரில்' என்று எழுதிக்கொண்டார்கள். 1598-இல் ஆங்கிலத்தில் வந்த ஒரு டச்சுக்காரரின் பயண நூலில் அந்தச் சொல் எட்டிப் பார்க்கிறது. 1747-இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் என்ற அம்மாள் போட்ட சமையல் புத்தகத்தில் "இந்திய முறைக் கறி" இருக்கிறது. அதன் முதல் பதிப்பில் மசாலா என்று பார்த்தால் வறுத்த கொத்தமல்லியும் மிளகும்தான். மஞ்சள்கூட இல்லை. இங்கே சென்னையில் இருந்த கும்பெனி வெள்ளைக்காரர்களுக்கோ சாப்பாடு என்றால் முதலில் சூப் வர வேண்டும். நம்மிடம் சூப் ஏது? சோற்றில் ஊற்றிப் பிசையும் மிளகுத்தண்ணியைக் கொடுத்தார்கள். அதில் இறைச்சியைப் போட்டு, இன்னும் என்னென்னவோ போட்டு 'முல்லிகடானி' ஆக்கினார்கள். மதராஸ் வெள்ளைக்காரர்களுக்கு மற்ற மாகாணத்தார் வைத்த பட்டப்பெயரே 'மல்' என்பது. அந்தச் சூப்பின் பெயரைச் சுருக்கியதுதான்.

அப்புறம் ஊர் திரும்பிய அதிகாரிகளுக்கு நாக்கு அடங்கவில்லை. அம்மியும் இல்லை, அரைக்க ஆளும் இல்லை. அதற்காகப் பிறந்ததுதான் கறித்தூள். எல்லாக் குழம்புக்கும் ஒரே தூள் என்பது நம் வீட்டில் இல்லாத பழக்கம். மீன் குழம்புக்கு ஒரு அரைப்பு, வற்றல் குழம்புக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று. அவர்களுக்கு டப்பாவில் அடைத்துக் கடல் தாண்டி விற்கிற பொருள் வேண்டியிருந்தது. ஒரு சமையல்காரனாக அந்தத் தூளின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் அது டப்பாவில் அடங்கியதால்தான் ஜப்பான் வரை போனது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜப்பானுக்குப் போகும்போது அது இந்திய உணவாகப் போகவில்லை, இங்கிலீஷ் உணவாகப் போனது. அதுதான் உங்கள் பாக்கெட்டின் சூட்சுமம். 1868-க்குப் பிறகு ஜப்பான் மேனாட்டைப் பார்த்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்ட காலம். 1872-இல் அங்கே அச்சான மேனாட்டுச் சமையல் புத்தகம் ஒன்றில் கறிக் குறிப்பு இருக்கிறது. அதில் போடச் சொல்லியிருப்பவற்றில் ஒன்று தவளை. இதைக் கப்பல் மெஸ்ஸில் ஒருமுறை சொன்னேன், அன்று பாதிப் பேர் கோழிக் குழம்பைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள்.

கறியை வீடுவீடாகக் கொண்டு சேர்த்ததில் ராணுவத்துக்கும் கடற்படைக்கும் பெரிய பங்கு உண்டு. அந்தக் கதைக்குள் ஒரு நோய் இருக்கிறது. ஜப்பான் கடற்படையில் மாலுமிகள் பெரிபெரி வந்து விழுந்துகொண்டிருந்தார்கள். கால் வீங்கும், நடை தளரும், கடைசியில் இதயம் நின்றுபோகும். 1882-83-இல் ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பல் நீண்ட பயணம் போய்த் திரும்பியபோது 376 பேரில் 169 பேருக்கு நோய், 25 பேர் சாவு. லண்டனில் படித்து வந்த கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோவுக்கு, வெறும் வெள்ளைச் சோறுதான் காரணம் என்று சந்தேகம். அடுத்து 1884-இல் சுகுபா என்ற கப்பலை அதே வழியில் அனுப்பி, இறைச்சி, ரொட்டி என்று சாப்பாட்டை மாற்றிப் பார்த்தார். அந்தப் பயணத்தில் பெரிபெரியால் யாரும் சாகவில்லை. புரதம் போதாமல்தான் நோய் வருகிறது என்று அவர் நினைத்தது தப்பு. பட்டை தீட்டிய அரிசியில் பி1 சத்து இல்லை என்பது பிறகு தெரிந்தது. காரணம் தப்பாக இருந்தாலும் மருந்து வேலை செய்தது.

அந்த மாற்றத்தோடுதான் இங்கிலீஷ் கடற்படைச் சமையல் ஜப்பான் கப்பல்களின் அடுப்புக்கு வந்து சேர்ந்தது. இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், டப்பாக் கறித்தூள், கெட்டியாக்கக் கோதுமை மாவு. மாவு எதற்கு என்று கரையில் இருப்பவர்களுக்குப் புரியாது. ஆடுகிற கப்பலில் ரசம் பரிமாறிப் பாருங்கள், தெரியும். கூழ்ப் பதத்தில் இருந்தால் தட்டை விட்டு ஓடாது. மாலுமிகளுக்கு ரொட்டி பிடிக்கவில்லை, அதனால் சோற்றின் மேல் ஊற்றினார்கள். 1908-இல் வந்த கடற்படைச் சமையல் கையேட்டில் கறிச் சோறு இருக்கிறது. பட்டாளத்திலும் கப்பலிலும் இதைத் தின்று பழகிய கிராமத்துப் பையன்கள் ஊர் திரும்பி வீட்டில் செய்யச் சொன்னார்கள். இன்றும் அந்த நாட்டுக் கடற்படையில் வெள்ளிக்கிழமை என்றால் கறி. நடுக்கடலில் கிழமை மறந்துபோகும், கறி வந்தால் வாரம் முடிகிறது என்று தெரிந்துகொள்வார்களாம். இதை நான் அப்படியே நம்புவேன். எங்கள் கப்பல்களில் ஞாயிறு என்பது நாள்காட்டியில் இல்லை, பிரியாணி வாசனையில்தான் இருந்தது.

பெரிபெரி பற்றிப் பேசும்போது நம் ஆட்களை விட்டுவிட முடியாது. மலாயாவில் அதே காலத்தில் ஒரு புதிர் இருந்தது. தகரச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் இந்த நோயில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்க் கூலிகளுக்கு அது அவ்வளவாக வரவில்லை. சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற மருத்துவர் இந்த வித்தியாசத்தைக் கவனித்து 1907-இல் எழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905-இல் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் இன்னொன்றுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் பலர் விழுந்தார்கள், சிலர் செத்தும் போனார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் புதிதாக யாருக்கும் வரவில்லை. (பைத்தியம் என்று அடைத்து வைத்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.) நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. நெல் அவித்த நம் பாட்டிகளுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. கூலிக்குப் போன தமிழனோடு மூட்டையாக வந்த புழுங்கலரிசி, ஒரு நோய்க்கே துப்புக் கொடுத்தது.

ஜப்பான் கதையில் ஒரு வங்காளியும் வருகிறார். ராஷ் பிஹாரி போஸ், 1912-இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிங்கின் மேல் குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்டவர். 1915-இல் ஜப்பானுக்குத் தப்பினார். டோக்கியோவில் ஷின்ஜுகு பகுதியில் நகமுராயா என்ற ரொட்டிக் கடைக்காரர் குடும்பம் அவரை ஒளித்து வைத்தது. அந்த வீட்டுப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டார். 1927-இல் அந்தக் கடை உணவகமும் திறந்தபோது, மாவு கரைத்த இங்கிலீஷ் கறி வேண்டாம், எங்கள் ஊர்க் கறியைப் போடுவோம் என்று எலும்போடு கோழிக் கறியைப் பட்டியலில் சேர்த்தார். அந்தக் கடையில் இன்றும் அது கிடைக்கிறது. ஜப்பான் முழுக்க ஜெயித்தது என்னவோ மாவு கரைத்ததுதான்.

உங்கள் தித்திப்புக்கும் ஆள் பிடித்துவிடலாம். 1963-இல் ஹவுஸ் நிறுவனம் ஆப்பிளும் தேனும் சேர்த்த 'வெர்மாண்ட் கறி' என்று, தண்ணீரில் கரைத்தால் கறியாகும் ஒரு கட்டியை விற்பனைக்கு விட்டது. பிள்ளைகளும் சாப்பிட வேண்டும் என்பதுதான் கணக்கு. 1968-இல் 'பான் கறி' வந்தது. வெந்நீரில் பையோடு போட்டுச் சூடாக்கிக் கிழித்து ஊற்றும் உணவு, உலகத்தில் முதலில் கடைக்கு வந்தது அதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் டப்பாவில் போன கறி. ஆளோடு போன கறி வேறு. என்னைக் கேட்டால் உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் மதராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள், 342 பேர். 1911 வரை அப்படி, டர்பன் இருக்கும் நடால் பகுதிக்குப் போனவர்கள் 1,52,184 பேர், பாதிக்கு மேல் மதராஸ் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள். முதல் வருஷம் மாதச் சம்பளம் பத்து ஷில்லிங், கூட அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு என்று படி அளந்தார்கள். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தால் மக்காச்சோள மாவு. அதற்கும் ஒரு கறி வைத்துத்தானே இறக்க வேண்டும்?

டர்பனில் 'பன்னி சௌ' என்று ஒன்று விற்கும். பெட்டி ரொட்டியைக் காலாகவோ பாதியாகவோ வெட்டி, நடுவில் பஞ்சைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் ஆட்டுக் கறியோ பீன்ஸ் கறியோ ஊற்றித் தருவார்கள். தோண்டிய பஞ்சே மூடி, அதுவே கரண்டி. 1940-கள் வாக்கில் கிரே தெருப் பக்கம் வந்தது. 'பனியா' என்ற வணிகர் பெயரிலிருந்து 'பன்னி' என்பார்கள். யார் முதலில் செய்தது என்பதில் ஆளாளுக்கு ஒரு கதை. கறுப்பர்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பதால் பின்வாசல் வழியாகக் கொடுக்கத் தட்டில்லாத தட்டாக இது வந்தது என்பது ஒன்று. கரும்புத் தோட்டத்துக்குக் கட்டிக்கொண்டு போக என்பது இன்னொன்று. அங்கே ஒரு கடையில் பரிமாறிய அம்மாள், நான் தமிழ் என்றதும், "எங்க ஆயாவும் தமிழ்தான் பேசுவாங்களாம்" என்று இங்கிலீஷில் சொன்னார். 'ஆயா' மட்டும் தமிழ். ரசம், வடை, கறி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார், மற்ற எதுவும் இல்லை. அன்று வாங்கிய கால் ரொட்டியைச் சாப்பிட்டு முடிக்க வெகு நேரம் ஆனது. காரம் அப்படி.

மொரீஷியஸில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1834-இலிருந்து சுமார் நாலரை லட்சம் இந்தியக் கூலிகள் இறங்கிய தீவு. அதற்கு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் போயிருந்தார்கள். அங்கே ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல். ஆனால் கல்யாணத்துக்கும் கோயில் காரியத்துக்கும் வாழையிலை போட்டு ஏழு கறி வைப்பார்கள், அதன் பெயரே 'செட் கறி', பிரெஞ்சில் ஏழு கறி. கறிவேப்பிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'காரிபுலே'. பக்கத்து ரீயூனியன் தீவில் 'கலுபிலே'. முருங்கைக் கீரையை அங்கே 'ப்ரெத் முரூம்' என்கிறார்கள். சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாருங்கள், அடியில் நம் கொல்லை தெரியும். ரீயூனியனில் 'கறி' என்பது தமிழ் வழி வந்தவர்களின் சாப்பாடு மட்டும் இல்லை, எந்த வம்சாவளிக்காரர் வீட்டிலும் அன்றாடச் சாப்பாடு. தக்காளி, மஞ்சளோடு தைம் இலையும் போடுகிறார்கள்.

இன்னும் தூரம். 1854 டிசம்பர் கடைசியில் 'ஒரேலி' என்ற கப்பல் கரீபியனில் குவாதலூப் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அடிமை முறை ஒழிந்து ஆறு வருஷம். கரும்பு வெட்ட ஆள் வேண்டும், புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஆள் பிடித்தார்கள். 1889 வரை சுமார் 42,000 பேர். அங்கே தமிழ் வீட்டு மொழியாக மிஞ்சவில்லை. ஆனால் அந்தத் தீவிலும் பக்கத்து மார்த்தினிக்கிலும் மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள் எல்லாம் சேர்த்த ஒரு தூள் உண்டு, பெயர் 'கொலோம்போ'. அந்தத் தூளில் சமைத்த ஆட்டுக் கறிக்கும் அதே பெயர். கொழும்பு நகரத்தின் பெயர் என்று சிலர் சொல்வார்கள், குழம்பு என்ற சொல்லேதான் என்று சிலர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவனுக்குக் கொழும்பு எதற்கு நினைவு வர வேண்டும்? நான் குழம்பு கட்சி. நிரூபிக்கச் சொன்னால் முடியாது, ஒரு சமையல்காரனின் பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்லினை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன். 1949 செப்டம்பர் 4-ஆம் தேதி, போரில் இடிந்து கிடந்த ஊரில், ஹெர்டா ஹாய்வர் என்ற பெண் பன்றி சாசேஜில் தக்காளிச் சாஸும் கறித்தூளும் போட்டு விற்ற 'கறிவுர்ஸ்ட்', இன்று ஜெர்மனியின் தெருச் சாப்பாடு. நம்ம சொல்லுக்கு அங்கேயும் ஒரு தட்டு இருக்கிறது, அவ்வளவுதான். இதில் எனக்குப் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

உணவு இணைக்கிறதா என்று கேட்டீர்கள். இணைக்கிறது. ஆனால் அதைச் சொல்பவர்கள் ஏதோ ஆளாளுக்கு ஆசைப்பட்டு ருசி பார்க்கக் கூடினார்கள் என்ற மாதிரிச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மேலே நான் சொன்ன ஆட்களைப் பாருங்கள்: மிளகு வாங்க வந்த வியாபாரி, கால் வீங்கிய மாலுமி, தலைக்கு விலை வைக்கப்பட்ட தலைமறைவுக்காரர், கைநாட்டு வைத்து ஏறிய கூலி. கூலிக்குப் போனவனோடு அவன் மொழி இரண்டு மூன்று தலைமுறைதான் இருந்தது. கறிவேப்பிலைச் செடி இன்னும் இருக்கிறது. கப்பலில் என்னிடம் பிலிப்பைன்ஸ் பையன்களும் உக்ரைன்காரர்களும் வேலை பார்த்தார்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் பாதிதான் புரியும். சண்டை வந்தாலும் சாப்பாட்டு வேளைக்கு ஒரே மேஜைக்கு வந்துதான் ஆக வேண்டும், வேறு மேஜை கிடையாது. நான் பார்த்த இணைப்பு அந்த அளவுதான். அது சின்ன விஷயமும் இல்லை.

அப்புறம் உங்கள் பாக்கெட். ஜப்பான் கறி நம்ம கறியா என்றால், பெயர் நம்முடையது, தூள் இங்கிலீஷ்காரருடையது, கெட்டிப் பதம் கப்பலுடையது, ருசி அவர்களுடையது. நம் குழம்போடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் வரும். ஒப்பிடாமல் சாப்பிட்டால் நன்றாகவே இருக்கும். மீதிக் கட்டி இருந்தால் இப்படிச் செய்யுங்கள். வெங்காயத்தை அவசரப்படாமல் செம்பழுப்பாக வதக்குங்கள். உருளைக்கிழங்கும் கேரட்டும் தனியாக நன்றாக வேகட்டும். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டியை உடைத்துப் போட்டுக் கரையுங்கள். கொதிக்கும்போதே போட்டால் சரியாகக் கரையாமல் முடிச்சு விழும். கரைந்த பிறகு சின்னத் தீயில் ஐந்து பத்து நிமிஷம் கிண்டினால் போதும். தித்திப்பு பிடிக்கவில்லை என்றால் கடைசியில் ஒரு தேக்கரண்டி மிளகை இடித்துப் போடுங்கள். சைவக்காரர்களும் முஸ்லிம்களும் அட்டையைப் படிக்காமல் வாங்க வேண்டாம், பல கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். பழைய சோற்றுக்கு இது சேராது, சொல்லிவிட்டேன். சூடான சோற்றில் ஒரு ஓரமாக ஊற்றி, பிசையாமல், ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுங்கள். ஊறுகாய் வைத்துக்கொள்ளலாம், அவர்களும் வைத்துக்கொள்கிறார்கள்.